பக்கத்து நாட்டின் கால்நடைச் சட்டத்தில் ஓட்டை இருந்தால் நமக்கென்ன?

கேள்வி இது: "கால்நடை நோய்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, மருத்துவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் எதற்கு அண்டை நாடுகள் கூடி உட்கார்ந்து கால்நடைச் சட்டங்களைப் பற்றிப் பேச வேண்டும்? தேவைதான் என்றாலும், நல்ல சட்டம் வைத்திருக்கிற ஒரு நாட்டைப் பார்த்து மற்றவர்கள் நகலெடுத்துக்கொண்டால் வேலை முடிந்ததே? காசில்லாத சின்ன நாட்டுக்கு இதில் என்ன லாபம்?"

ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இதில் மூன்று இருக்கின்றன. வரிசையாக வருகிறேன், நடுவில் கொஞ்சம் வரலாறும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம் எதற்கு என்பது. தடுப்பூசியால் நோயைத் தடுக்க முடியும், சந்தையை மூட முடியாது. ஒரு கால்நடை மருத்துவர் இன்னொருவருடைய தொழுவத்துக்குள் நுழைய, மாட்டுக்கு ரத்தம் எடுக்க, "இங்கிருந்து எந்த உருப்படியும் வெளியே போகக் கூடாது" என்று சொல்ல, வேறு வழியில்லை என்றால் கொன்று புதைக்க, அவருக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் அவர் அத்துமீறி நுழைந்த ஆள், அவ்வளவுதான். வழக்குப் போட்டால் தோற்றுப்போவார். அதிகாரம் இருந்தும் அதைக் கையில் எடுக்கத் தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2001-ல் பிரிட்டனில் வந்த கோமாரியைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். பிப்ரவரி 20-ஆம் தேதி நோய் உறுதியானது, நாடு முழுவதும் கால்நடைகளை நகர்த்தத் தடை போட்டது 23-ஆம் தேதி. அதற்குள், ஏன் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, செம்மறி ஆடுகள் சந்தை சந்தையாகக் கைமாறி நாடெங்கும் போய்விட்டன. கடைசியில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அயர்லாந்து, பிரான்ஸ், நெதர்லாந்து மூன்றுக்கும் நோய் தாவியது. தொடக்கமோ ஒரு பன்றிப் பண்ணை, சரியாக வேகவைக்காத உணவுக் கழிவைத் தீனியாகப் போட்டிருந்தார்கள். கழிவை வேகவைத்துத்தான் போட வேண்டும் என்று சட்டம் இருந்தது. யாரும் போய்ச் சரியாகப் பார்க்கவில்லை. கழிவைத் தீனியாகப் போடுவதையே முழுக்கத் தடை செய்தது அதற்கு அப்புறம்தான்.

சரி, இது ஒரு நாட்டுக்குள் நடந்த கதை. அண்டை நாடு எங்கே வருகிறது?

ஒரு தொழுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள், உலகில் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். விடிகாலையில் பால் கறக்கப் போகிறவர் பார்க்கிறார், மாடு தீனி தொடவில்லை, வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்குகிறது, காலை மாற்றி மாற்றி வைக்கிறது. வாயைத் திறந்து பார்த்தால் நாக்கில் கொப்புளம், விரல் பட்டதும் தோல் உரிந்து கையோடு வருகிறது. கோமாரி என்று அவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். பக்கத்தில் நிற்கிற மற்ற மாடுகள் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன. அந்த நேரத்தில் அவர் முன்னால் இருப்பது இரண்டு வழி. மருத்துவருக்குச் சொல்வது, அல்லது நன்றாக இருக்கிற மாடுகளை அன்று மாலைக்குள் வண்டியில் ஏற்றி விற்றுவிடுவது. அவர் எதைச் செய்வார் என்பதை அவருடைய நல்ல குணத்தைவிட அந்த நாட்டுச் சட்டத்தின் இழப்பீட்டுப் பிரிவுதான் அதிகம் தீர்மானிக்கிறது. "இழப்பீடு வழங்கப்படலாம்" என்று பட்டும் படாமலும் எழுதியிருந்தால், சந்தை விலையில் கால்வாசி, அதுவும் கோப்பு நகர்ந்து இரண்டு வருடம் கழித்து என்றால், மாடு வண்டியேறும். அது போய் இறங்கும் இடம் எல்லைக்கு அந்தப் பக்கமாகக்கூட இருக்கலாம், ஏனென்றால் அங்கே விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

ஆக, பக்கத்து நாட்டுச் சட்டத்தில் இழப்பீட்டுப் பிரிவு மோசமாக இருந்தால் அது நம் பிரச்சினைதான். இழப்பீட்டை அள்ளிக் கொடுப்பதும் ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். செத்த மாட்டுக்கு உயிருள்ள மாட்டைவிட அதிகம் கிடைக்கிறது என்றால் நோயை விலைக்கு வாங்கி வரவும் ஆள் இருப்பார்கள். எல்லையின் இரண்டு பக்கமும் தொகை மலைக்கும் மடுவுக்குமாக இருந்தாலும் இதே கதைதான், மாடு கூடுதல் தொகை கிடைக்கும் பக்கம் நடந்துவிடும்.

விவசாயிக்கு இருக்கும் அதே சங்கடம் நாடுகளுக்கும் இருக்கிறது. உலக விலங்குநல அமைப்பின் விதிப்படி, நோயில்லாத இடத்தில் பட்டியலில் உள்ள ஒரு நோய் தென்பட்டால் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். அறிவித்த மறுநாளே வாங்குகிற நாடுகள் எல்லாம் கதவைச் சாத்திவிடும். அமைச்சர் அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் "இன்னும் ஒரு முறை பரிசோதித்துப் பார்க்கலாமே" என்று இழுக்கத்தான் தோன்றும். எந்தக் கால்நடைச் சட்டத்தையும் எந்த வட்டார ஒப்பந்தத்தையும் நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்: நோய் வந்துவிட்டது என்று உண்மையைச் சொல்பவருக்கு இதில் நஷ்டமா, பாதுகாப்பா? மற்றதெல்லாம் அப்புறம்.

நாடுகள் இதைப் பட்டுத்தான் கற்றன. 1920-ல் தெற்காசியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன திமில் மாடுகள் நடுவழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கி வைக்கப்பட்டன. அவற்றோடு, மந்தை மந்தையாக மாடுகளைக் கொல்லும் மாட்டு வெக்கை நோயும் (ரிண்டர்பெஸ்ட்) இறங்கியது. அந்த நோயை விரட்டி நிம்மதியாக இருந்த ஐரோப்பா அலறிப்போய் பாரிஸில் கூடியது. 1924-ல் 28 நாடுகள் கையெழுத்துப் போட்டு ஓஐஇ என்ற அமைப்பை உண்டாக்கின, ஐக்கிய நாடுகள் சபைக்கும் 20 வருடம் மூத்தது அது. உலக விலங்குநல அமைப்பு என்று இப்போது சொல்வதும் அதைத்தான், உறுப்பு நாடுகள் 183. அது தொடங்கப்பட்டதன் முதல் நோக்கமே ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதுதான், மருந்தெல்லாம் பிறகு வந்தது.

வெக்கை நோயை ஒழித்த கதையில் சட்டம் வகிக்கும் பாத்திரத்தைப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நிற்கிறேன். ஆப்பிரிக்காவில் 1962 முதல் 1976 வரை 22 நாடுகளில் கூட்டாகத் தடுப்பூசி போட்டார்கள். நோய் கிட்டத்தட்ட மறைந்தேவிட்டது, அங்கங்கே சில பொட்டுகள்தான் மிச்சம். உடனே நாடுகள் பணத்தையும் கண்காணிப்பையும் குறைத்தன. வெளிநாட்டுப் பணத்தில் ஓடிய ஒரு திட்டமாக அது இருந்ததே தவிர, திட்டம் முடிந்த பிறகும் தொடர்ந்து கண்காணிக்க யாருக்கும் எந்தக் கடமையும் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் நோய் திரும்ப வந்தது, நைஜீரியா போன்ற நாடுகளில் மந்தைகள் சரிந்தன. 1986-ல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள், இந்த முறை முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள்.

இரண்டாம் சுற்றில் வேறொரு முட்டுக்கட்டை. நோய் கடைசியாக ஒளிந்திருந்த இடங்கள் சாலையே இல்லாத மேய்ச்சல் பகுதிகள், சண்டை நடக்கும் பகுதிகள். பட்டம் பெற்ற மருத்துவர் அங்கே போக மாட்டார், போனாலும் ஐஸ் பெட்டி தாங்காது. இதற்குள் குளிர்சாதனம் இல்லாமலே ஒரு மாதம் வரை தாங்கும் தடுப்பூசி வந்துவிட்டது. அந்தப் பகுதி மேய்ப்பர்களுக்கே பயிற்சி கொடுத்து ஊசியைக் கையில் கொடுத்தால் வேலை நடக்கும் என்பதும் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியிலும் தெற்கு சூடானிலும் தெரிந்துவிட்டது. ஆனால் பல நாடுகளின் சட்டத்தில் தடுப்பூசி போடுவது மருத்துவரின் வேலை, மற்றவர் போட்டால் குற்றம். காலனி ஆட்சிக் காலத்தில் நகரத்தை மனத்தில் வைத்து எழுதிய சட்டங்கள் அவை. மருத்துவர் சங்கங்களும் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. சில இடங்களில் அதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டதால்தான் காரியம் ஆனது. கடைசி நோய் 2001-ல் கென்யாவில் ஒரு தேசியப் பூங்காவின் காட்டெருமைகளில் பதிவானது, 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். மனிதகுலம் ஒழித்த இரண்டாவது நோய் அது, முதலாவது பெரியம்மை. அப்படிப்பட்ட சாதனையின் கடைசிக் கட்டத்தில் ஒரு பகுதி வேலை சட்டத்துக்கு வெளியே நடந்தது என்றால், சட்டத்தில் ஏதோ கோளாறு என்றுதானே அர்த்தம்? இப்போது ஆட்டுக்கொல்லி நோயை 2030-க்குள் ஒழிக்கக் குறி வைத்திருக்கிறார்கள். அதே பகுதிகள், அதே மேய்ப்பர்கள். மருத்துவர் அல்லாத துணைநிலைப் பணியாளர் யார், என்ன செய்யலாம், யார் மேற்பார்வையில் என்பதைச் சட்டத்தில் தெளிவாக எழுதிய நாடுகளுக்கு இந்த முறை வேலை சுலபம்.

இரண்டாவது கேள்வி, நகலெடுப்பது. இதைப் பலர் செய்திருக்கிறார்கள், அதனால் விளைவும் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விலங்கு நலச் சட்டம் 2016-ல் நிறைவேறியது, சுமார் 40 பழைய சட்டங்களை ஒன்றாக்கியது, நடைமுறைக்கு வந்தது 2021 ஏப்ரலில். அத்தனை பணமும் ஆளும் இருக்கிற அவர்களுக்கே ஐந்து வருட அவகாசம் தேவைப்பட்டது. அதை அப்படியே மொழிபெயர்த்துத் தன் அரசிதழில் போட்டுக்கொள்ளும் நாட்டில் மாவட்டத்துக்கு ஒரு ஆய்வாளர்கூட இருக்க மாட்டார். ஒவ்வொரு பண்ணையையும் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லும், பதிவேடு வாங்கக்கூடக் காசிருக்காது. நடத்த முடியாத சட்டம் சட்டமே இல்லாததைவிட மோசம் என்பது என் கருத்து. அதில் உள்ள நல்ல பிரிவுகளையும் சேர்த்து மக்கள் அலட்சியம் செய்யப் பழகிவிடுவார்கள்.

உலக விலங்குநல அமைப்பு 2008 முதல் நாடுகள் கேட்டால் நிபுணர்களை அனுப்பிச் சட்டத்தை மறுபரிசீலனை செய்ய உதவுகிறது. 2010 டிசம்பரில் துனிசியாவின் ஜெர்பாவில் இதற்கென்றே ஓர் உலக மாநாடு நடந்தது. அதன் பின்னர் அவர்களுடைய நிலவாழ் விலங்குகளுக்கான விதித் தொகுப்பில் கால்நடைச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று தனி அத்தியாயமே சேர்த்தார்கள். அதில் மாதிரிச் சட்டம் எதுவும் கிடையாது, அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். என்னென்ன அதிகாரங்கள் இருக்க வேண்டும், யார் பொறுப்பு, மேலிருந்து கீழே கட்டளை எப்படிப் போகும் என்பதைச் சொல்லிவிட்டு, வாக்கியத்தை எழுதும் வேலையை அந்தந்த நாட்டிடமே விடுகிறது.

வட்டார அளவில் ஒத்துப்போக வேண்டிய விஷயங்கள் உண்மையில் கொஞ்சம்தான். எந்தெந்த நோய்களைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும், சந்தேகம் வந்த உடனேயா உறுதியான பிறகா, யாரிடம், எவ்வளவு நேரத்துக்குள். "நோய்க்கிளர்ச்சி", அதாவது நோய் கிளம்பியது என்று ஒன்றாகக் கணக்கில் எழுதுவது, ஒரு மாட்டையா ஒரு ஊரையா. சுகாதாரச் சான்றிதழில் கையெழுத்துப் போட யாருக்கு அதிகாரம், பொய்யாகப் போட்டால் என்ன தண்டனை. இழப்பீட்டைக் கணக்கிடும் முறை. "விலங்கு" என்ற வரையறைக்குள் தேனீயும் மீனும் காட்டு விலங்கும் வருகின்றனவா. இவ்வளவில் ஒத்துப்போய்விட்டால் மற்றபடி ஒருவர் சட்டத்தில் 20 பிரிவு, இன்னொருவரிடம் 200 பிரிவு என்று இருந்தாலும் கவலையில்லை.

நோய்ப் பட்டியலைச் சட்டத்தின் உடலிலேயே எழுதி வைப்பது ஒரு பழைய வியாதி. புதிய நோய் ஒன்று எல்லையில் நிற்கும்போது பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் கூட வேண்டும், அபராதத் தொகையோ தாத்தா காலத்து நாணயத்தில் இருக்கும். அதிகாரத்தைச் சட்டத்தில் வைத்து, பட்டியலையும் தொகையையும் விதிகளுக்குத் தள்ளினால் ஒரு அறிவிக்கையில் காரியம் முடிந்துவிடும்.

சான்றிதழில் ஒரே ஒரு வரி எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு இதைப் பாருங்கள். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2007-ல் ஜார்ஜியாவில் இறங்கி, ரஷ்யா வழியாக நகர்ந்து, 2014 தொடக்கத்தில் லிதுவேனியா, போலந்து எல்லைகளில் சில காட்டுப்பன்றிகளில் தென்பட்டது. ரஷ்யாவுக்குப் போகும் பன்றி இறைச்சிக்கான சான்றிதழில், இத்தாலியின் சார்டீனியா தீவு தவிர்த்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதுமே மூன்று வருடமாக இந்த நோய் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒரு வாசகம். அதைக் காட்டி ரஷ்யா ஒன்றியம் முழுவதிலிருந்தும் இறக்குமதியை நிறுத்தியது. நோய் இருந்த இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த நாட்டுக்கும் அதே கதி. வழக்கு உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. நோயுள்ள பகுதி, நோயில்லாத பகுதி என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 1995-ல் நடைமுறைக்கு வந்த, அந்த அமைப்பின் சுகாதார நடவடிக்கைகள் ஒப்பந்தம் சொல்கிறது, அதன்படி 2016-லும் மேல்முறையீட்டில் 2017-லும் ரஷ்யாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. மூன்று வருடம். பன்றி வளர்ப்பவருக்கு மூன்று வருடம் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். நோய் வருவதற்கு முன்பே பக்கத்து நாடுகளும் வாங்கும் நாடுகளும் உட்கார்ந்து, "வந்தால் எந்த மாவட்டங்களை மட்டும் மூடுவோம், எந்த ஆதாரத்தைக் காட்டினால் நீங்கள் ஏற்பீர்கள்" என்று எழுதி வைத்திருந்தால் இத்தனை இழுபறி இருக்காது. மேலே சொன்ன அந்த எடைபோடலுக்கும் இது பொருந்தும்: முழு நாட்டையும் தண்டிப்பார்கள் என்று தெரிந்தால் அடுத்த முறை யார் 24 மணி நேரத்தில் வாய் திறப்பார்கள்?

கூட்டாகச் செய்து ஜெயித்ததும் உண்டு. மாடுகளுக்கு வரும் தோல் கழலை நோய் 2015-ல் கிரேக்கத்துக்குள் வந்தது, 2016-ல் பல்கேரியா, வடக்கு மாசிடோனியா, செர்பியா, அல்பேனியா, மாண்டினீக்ரோ என்று மளமளவென்று பரவியது. கொசு, ஈ, உண்ணி கொண்டுபோகும் நோய், வேலி போட்டு நிறுத்த முடியாது. தடுப்பூசி இருந்தது, ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்தில் அங்கீகாரம் பெறாத மருந்து. தவிர, தடுப்பூசி போட்டதாக அறிவிக்கும் பகுதியிலிருந்து மாடு விற்பதற்குக் கட்டுப்பாடு வரும். ஆக ஊசி போட்டாலும் நஷ்டம், போடாவிட்டாலும் நஷ்டம். அவசரகால விதிவிலக்கைப் பயன்படுத்தி, ஒன்றியத்தின் இருப்பிலிருந்து மருந்து கொடுத்து, ஒன்றியத்துக்குள் இருந்த நாடு வெளியே இருந்த நாடு என்று பார்க்காமல் ஒரே வேகத்தில் போட்டார்கள். குரோவேஷியா நோய் வருவதற்கு முன்பே முன்னெச்சரிக்கையாகப் போட்டுக்கொண்டது. 2016-ல் அந்த வட்டாரத்தில் 7,483 நோய்க்கிளர்ச்சிகள், 2017-ல் 385, 2018-ல் பால்கன் நாடுகளில் ஒன்றுகூட இல்லை. ஒரு நாடு மட்டும் தன் மாடுகளுக்குப் போட்டுவிட்டு அடுத்த நாடு சும்மா இருந்திருந்தால் இந்த எண்கள் வந்திருக்காது.

எல்லை தாண்டி மேய்க்கும் சமூகங்களைப் பற்றிச் சட்டம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: தடை. நடக்காது. மழை எங்கே பெய்கிறதோ அங்கே மந்தை போகும். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகம் 1998-ல் இதற்கு வேறு வழி எடுத்தது, மந்தைக்கு ஒரு பன்னாட்டுச் சான்றிதழ். கிளம்பும் நாட்டிலேயே கொடுப்பார்கள். மந்தையில் எத்தனை உருப்படி, என்னென்ன தடுப்பூசி போட்டாயிற்று, எந்த வழியாகப் போகிறது, எந்த எல்லைச் சாவடியில் கடக்கும், எங்கே போய்ச் சேரும், எல்லாம் அதில் இருக்கும். வழியில் எல்லோரும் அதைச் சரியாகப் பார்க்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன், சாவடியில் கைநீட்டுவதும் நடக்கிறது, விவசாயிகளோடு மோதலும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் மேய்ப்பவர் மறைந்து ஓட வேண்டிய ஆளாக இல்லாமல் காகிதத்தோடு நேரே வந்து நிற்கக்கூடிய ஆளாக ஆனதே பெரிய விஷயம். சாவடிக்கு வருகிற மந்தைக்குத்தான் ஊசி போட முடியும்.

மருந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சின்ன நாட்டுச் சந்தைக்காகத் தனியாக விண்ணப்பம், கட்டணம், ஆவணம் என்று எந்த மருந்து நிறுவனமும் மெனக்கெடாது. விளைவு, நல்ல மருந்து வராது, எல்லை வழியாகப் போலி வரும். மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதார, நாணய ஒன்றியத்தின் எட்டு நாடுகள் 2006-ல் கால்நடை மருந்துகளுக்குப் பொதுவான பதிவு முறையைக் கொண்டுவந்தன. கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் தடுப்பூசிகளுக்குப் பரஸ்பர அங்கீகார முறை வைத்திருக்கிறது. ஆன்டிபயாட்டிக் விஷயமும் இதே கதைதான், ஒரு நாடு மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சொல்லி, எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்டிக்கடையில் கிடைத்தால் அந்தச் சட்டம் காகிதத்தோடு சரி.

அதைவிட எனக்கு எரிச்சல் தருவது பரிசோதனை மாதிரிகள். கோமாரி வைரஸில் ஏழு வகை, ஒன்றுக்கான ஊசி இன்னொன்றைத் தடுக்காது. எந்த வகை என்று தெரிந்தால்தான் எந்த ஊசி என்று முடிவு செய்ய முடியும், அதற்கு மாதிரி பெரும்பாலும் வேறு நாட்டிலுள்ள ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அனுப்பும் நாட்டின் ஏற்றுமதி அனுமதி, வாங்கும் நாட்டின் இறக்குமதி அனுமதி, தொற்றுப்பொருள் என்பதால் விமான நிறுவனத்தின் சம்மதம், சுங்கத்துறை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு நாள். வெள்ளிக்கிழமை மதியம் விமான நிலையக் கிடங்கில் இறங்கிய பெட்டியில் திங்கட்கிழமை காலை ஐஸ் இருக்காது, வைரஸும் இருக்காது, ஆய்வகம் "முடிவு கிடைக்கவில்லை" என்று எழுதி அனுப்பும். இத்தனைக்கும் இது வட்டார ஒப்பந்தத்தில் மிகச் சுலபமாகத் தீரக்கூடியது: முன்கூட்டியே கொடுத்த நிரந்தர அனுமதி, சுங்கத்தில் நிற்காமல் போகும் முத்திரை, இரண்டு பக்கமும் பெயர் குறிப்பிட்ட ஒரு தொடர்பு அதிகாரி. இதற்கு யாருடைய இறையாண்மையும் பறிபோகாது.

இன்னொரு ஓட்டை காட்டு விலங்குகள். பெரும்பாலான நாடுகளில் பன்றி கால்நடைத் துறையிடம், காட்டுப்பன்றி வனத்துறையிடமோ வேட்டைச் சட்டத்திடமோ. பன்றிக்காய்ச்சல் வைரஸுக்கு இந்தப் பிரிவினை தெரியாது. செக் குடியரசில் 2017 ஜூனில் ஸ்லின் பகுதிக் காட்டுப்பன்றிகளில் நோய் வந்தபோது மின்வேலி, வாசனை வேலி போட்டார்கள், பன்றிகள் சிதறி ஓடக் கூடாது என்று முதலில் வேட்டையை நிறுத்தினார்கள், பிறகு பயிற்சி பெற்ற வேட்டைக்காரர்களையும் போலீஸ் துப்பாக்கி வீரர்களையும் மட்டும் உள்ளே விட்டார்கள், செத்த பன்றியைக் கண்டுபிடித்துச் சொன்னால் பணம் கொடுத்தார்கள். 2019-ல் நோயற்ற நாடு என்ற தகுதி திரும்பியது. 2022 கடைசியில் நோய் மறுபடி எல்லை தாண்டி வந்தது, அது வேறு கதை, ஆனால் முதல் முறை நிறுத்த முடிந்ததற்கு மூன்று துறைகள் ஒரே கட்டளையில் வேலை செய்தது முக்கியக் காரணம். செத்த பன்றிக்குப் பணம் என்ற யோசனையைக் கவனியுங்கள், அங்கேயும் சொன்னவருக்கு லாபம்.

கடைசியாக, சின்ன நாட்டுக்கு என்ன லாபம் என்பது. உருகுவே. இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவில் இருக்கிறது, வாழ்வாதாரமே மாட்டிறைச்சி ஏற்றுமதி. அண்டை நாட்டிலிருந்து வந்த கோமாரி 2001 ஏப்ரலில் நாடு முழுவதும் பரவி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகளைத் தொட்டது. கொல்வதற்கு விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்ததால் அதைச் சீக்கிரமே கைவிட்டு நாட்டின் மொத்த மாடுகளுக்கும் தடுப்பூசி போட்டார்கள். எல்லையை என்னதான் காத்தாலும் அண்டை வீட்டில் நோய் இருந்தால் பயனில்லை என்று அந்த வருடம் அந்தப் பக்கத்து நாடுகள் எல்லாருக்குமே புரிந்தது. தென்னமெரிக்கக் கோமாரி ஒழிப்பு ஆணையம் 1972-லிருந்தே இருக்கிறது. 2003-ல் அர்ஜென்டினா, பொலிவியா, பிரேசில், சிலி, பராகுவே, உருகுவே ஆறும் சேர்ந்து கால்நடைத்துறைத் தலைவர்களின் நிரந்தரக் குழு ஒன்றையும் வைத்துக்கொண்டன. உருகுவே 2006-ல் ஒவ்வொரு மாட்டுக்கும் தனி அடையாளம் கட்டாயம் என்று சட்டம் போட்டது, காதுவில்லையை அரசே இலவசமாகக் கொடுத்தது. விவசாயி தலையில் செலவைக் கட்டியிருந்தால் பாதி மாடுகள் கணக்கிலேயே வந்திருக்காது. 2025-ல் பிரேசிலும் பொலிவியாவும் தடுப்பூசி இல்லாமலே கோமாரியற்ற நாடுகள் என்ற தகுதியைப் பெற்றன. 1951-ல் ரியோவுக்குப் பக்கத்தில் வட்டாரத்துக்கென்று ஒரு கோமாரி மையம் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் 74 வருட வேலை.

அவ்வளவு காலமும் பணமும் இல்லாத ஒரு வட்டாரம் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், பெரிய ஒப்பந்தத்தில் தொடங்காதீர்கள் என்பேன். பொது எல்லை உள்ள இரண்டு நாடுகள் தங்கள் சட்டங்களின் அறிவிப்புப் பிரிவையும் இழப்பீட்டுப் பிரிவையும் எதிரெதிரே வைத்துப் படிக்கட்டும். பக்கத்து மாவட்டங்களின் கால்நடை அதிகாரிகள் தலைநகரத்தைக் கேட்காமலே ஒருவரையொருவர் தொலைபேசியில் கூப்பிட்டு "இங்கே சந்தேகமாக ஒன்று இருக்கிறது" என்று சொல்வதைச் சட்டபூர்வமாக்கட்டும், ஏனென்றால் பல நாடுகளில் அது இன்றைக்கு அரசு ரகசியத்தை வெளியிட்ட குற்றம். இழப்பீட்டுக்கு வருடாந்திர பட்ஜெட்டைப் பார்த்துக்கொண்டிருக்காமல், எடுத்துக் கொடுக்கத் தயாராகத் தனி நிதி ஒன்று இருக்கட்டும், எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்ற கெடு சட்டத்திலேயே இருக்கட்டும். கெடு இல்லாத இழப்பீட்டுப் பிரிவை எந்த வரைவில் பார்த்தாலும் முதலில் அதைத் திருப்பி அனுப்புங்கள்.